மாற்று இடுப்பு மூட்டு: எது தேய்கிறது, எது தளர்கிறது, எது முறிகிறது?

இடுப்பு மூட்டு மாற்று பற்றிக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். காசிமேடு, பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று வட சென்னை முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பாதிக்கு மேல், ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்து வரும் கோளாறுகளைப் பற்றியவை. எலும்பு அறுவை மருத்துவர் ஒருவரும், உடலுக்குள் வைக்கும் உலோகங்களைப் பரிசோதிக்கும் பொறியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். வாசகர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

2009-ல் ஏவிஎன் (ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது) என்று சொல்லி வலது இடுப்பில் மூட்டு மாற்றினார்கள். அப்போது எனக்கு 41 வயது. இத்தனை வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. நாலு மாதமாக, நாற்காலியை விட்டு எழுந்ததும் முதல் நாலைந்து அடி வைக்கும்போது தொடையில் சுள்ளென்று இழுக்கிறது. நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது. வயசுக் கோளாறா?
(வியாசர்பாடி வாசகர்)

வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எழுந்ததும் முதல் சில அடிகளில் வலித்து, நடந்தால் குறைகிற வலி, மாற்று மூட்டு தளர்ந்திருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டு தளர்ந்தால் உள்ளே லேசாக ஆடும். உடல் எடை ஏறி அது உட்கார்ந்த பிறகு ஆட்டம் அடங்கும், வலியும் அடங்கும். வலி தொடையின் நடுவில் என்றால் முதல் சந்தேகம் தண்டின் மேல். தொடையிடுக்கில் என்றால் இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்தின் மேல். எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, ஆனாலும் எக்ஸ்ரேயில் எங்கே முதலில் கண் வைப்பது என்று இது காட்டிக்கொடுக்கும்.

உங்கள் இடுப்புக்குள் நான்கு உருப்படிகள் இருக்கின்றன. இடுப்பெலும்பின் குழிக்குள் ஒரு உலோகக் கிண்ணம். அதற்குள் லைனர் எனப்படும் உள்கிண்ணம், பிளாஸ்டிக்கிலோ செராமிக்கிலோ. லைனருக்குள் சுழலும் பந்து, பெரும்பாலும் 28, 32, 36 மி.மீ. விட்டங்களில் ஒன்று. பந்தைத் தாங்கும் தண்டு தொடை எலும்பின் குழலுக்குள் இறங்கியிருக்கும். சிலருக்குக் கிண்ணமும் தண்டும் சிமெண்ட் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். சிலருக்குச் சொரசொரப்பான உலோகத்தின் மேல் எலும்பே வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

இதில் மெதுவாகத் தேய்வது பிளாஸ்டிக் லைனர். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணங்களை வைத்தார். இரண்டு மூன்று வருடத்துக்குள் அவை தேய்ந்து, தேய்ந்த தூள் சுற்றியிருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தது. 1962 நவம்பரில் அவர் கடினமான பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகுதான் இந்த ஆபரேஷன் நிலைத்தது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கும் வருடத்துக்குச் சுமார் 0.1 மி.மீ. தேயும். தேய்மானத்தின் அளவு பெரிதாகத் தெரியாது. தொல்லை தருவது அதிலிருந்து உதிரும் தூள். அந்தத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. உடலின் காவல் அணுக்கள் அவற்றை விழுங்கும், செரிக்க முடியாமல் ரசாயனங்களைக் கக்கும். அது எலும்பைத் தின்னும் அணுக்களை உசுப்பிவிடும். விளைவு, கிண்ணத்துக்குப் பின்னாலும் தண்டைச் சுற்றியும் எலும்பில் ஓட்டை விழுகிறது. சுவருக்குள் கரையான் போவது போல, வெளியே ஒன்றும் தெரியாது, வலியும் இருக்காது. எலும்பு போதுமான அளவு போய் மூட்டு ஆட ஆரம்பித்த பிறகுதான் வலி வரும். இத்தனை வருடம் தொந்தரவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பெரிய ஓட்டையோடு வந்து நிற்கிறார்கள்.

1990-களின் கடைசியில் கதிர்வீச்சில் மூலக்கூறுகளைப் பின்னிய பிளாஸ்டிக் வந்தது. அதன் தேய்மானம் பழையதில் ஒரு சிறு பங்குதான். 2009-ல் உங்களுக்கு எது வைத்தார்கள் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். தேடி எடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் வரும்படி முன்பக்க எக்ஸ்ரே ஒன்று, தண்டின் நுனி வரை முழுசாகத் தெரியும் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று. நுனி வெட்டுப்பட்ட படம் எதற்கும் உதவாது, எடுக்கிறவரிடம் முன்பே சொல்லுங்கள். பந்து கிண்ணத்தின் நடுவில் இருக்கிறதா, மேலே ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உலோகத்துக்கும் எலும்புக்கும் நடுவே கருப்புக் கோடு இருந்து, அது 2 மி.மீ.யைத் தாண்டினாலோ பழைய படத்தைவிட வளர்ந்திருந்தாலோ தளர்வு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆகவே புதுப் படத்தைவிடப் பழைய படம்தான் முக்கியம். சென்னைப் புழுக்கத்தில் ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே வெள்ளைத்தாள் வைத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கூடவே உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை இரண்டும் பாருங்கள். மெதுவாக ஓடும் கிருமித் தொற்றும் இதே மாதிரிதான் வலிக்கும், எக்ஸ்ரேயிலும் இதே மாதிரிதான் தெரியும். அளவு கூடியிருந்தால் மூட்டுக்குள் ஊசி விட்டு நீர் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று கல்சர் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கக் கூடாது. மெடிக்கலில் கேட்டு நாலு மாத்திரை விழுங்கிவிட்டுப் போனால் கிருமி ஒளிந்துகொள்ளும், ரிசல்ட் பொய் சொல்லும். தொற்றைத் தளர்வு என்று நினைத்துப் புது மூட்டு வைத்தால் அந்த மூட்டும் போய்விடும். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறோம்.

ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எடை 92 கிலோ. மூட்டு மாற்றி ஒன்பதாவது வருஷம், பெரம்பூர் மார்க்கெட்டில் சாதாரணமாக நடக்கும்போது உள்ளே தண்டு முறிந்துவிட்டது. விழவும் இல்லை, இடிபடவும் இல்லை. மறு ஆபரேஷனில் எடுத்த துண்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். ஆக்சில் உடைந்தால் காரணம் சொல்வோம். இது எப்படி உடைந்தது?
(பெரம்பூர் வாசகர்)

ஆக்சில் உடைவது போலவேதான். ஒரே அடியில் முறியவில்லை. பல வருடமாக ஒரு விரிசல் வளர்ந்துகொண்டே வந்து, மிச்சமிருந்த உலோகத்தால் தாங்க முடியாத நாளில் பிளந்தது. மார்க்கெட்டில் வைத்த அந்த அடிக்கும் அதற்கு முந்தின அடிக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். சாதாரணமாக நடக்கும்போது இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. உங்களுக்கு 230 கிலோ. தடுக்கினால் எட்டு மடங்கைத் தாண்டும். நன்றாக நடமாடுகிறவர் ஒரு காலால் வருடத்துக்குப் பத்து லட்சம் அடி போல வைப்பார். ஒன்பது வருடத்தில் 90 லட்சம் முறை ஏறி இறங்கிய பாரம் அது. இந்தப் பாரம் தண்டின் நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. பந்து தண்டின் அச்சிலிருந்து உள்பக்கமாகச் சில செ.மீ. விலகி நிற்பதால், ஒவ்வொரு அடியும் தண்டை வளைக்கப் பார்க்கிறது. வெளிப்பக்க விளிம்பு இழுபடுகிறது. விரிசல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

தண்டு முழு நீளத்துக்கும் எலும்பு பிடித்திருந்தால் இந்த வளைவு மிகக் குறைவு. மேல்பாதியில் எலும்பு கரைந்தோ சிமெண்ட் உடைந்தோ பிடிமானம் போய், கீழ்ப்பாதி மட்டும் இறுகியிருந்தால், சுவரில் ஒரு முனையைப் புதைத்த கம்பியின் நிலைமைதான். புதைந்த இடத்துக்குச் சற்று மேலே ஒடியும். தண்டுகளுக்கான சர்வதேசத் தரச் சோதனையான ஐ.எஸ்.ஓ. 7206-4-ம் இந்த மோசமான நிலைமையை வைத்தே நடக்கிறது. கீழ்ப்பகுதியை மட்டும் புதைத்து, 2,300 நியூட்டன் பாரத்தை 50 லட்சம் முறை ஏற்றி இறக்குவார்கள். பந்துக்குக் கீழே இருக்கும் தண்டின் கழுத்துக்குத் தனிச் சோதனை உண்டு: 5,340 நியூட்டன், ஒரு கோடி முறை. உங்கள் எடையில் 230 கிலோ என்பது சுமார் 2,260 நியூட்டன். மேல் பிடிமானம் இல்லாமல் ஒன்பது வருடம் நடந்திருந்தால், நீங்கள் அந்தச் சோதனையின் எண்ணிக்கையையே தாண்டியிருக்கிறீர்கள்.

டப்பாவைத் திறந்து முறிந்த முகத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு விளிம்பில் வழவழப்பான பகுதி இருக்கும். ஒரு புள்ளியைச் சுற்றி, ஈர மணலில் அலை விட்டுப்போன வரிகள் போல வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். விரிசல் நின்று நின்று வளர்ந்த தடம் அது. எதிர் விளிம்பில் சொரசொரவென்று மங்கலாக இருப்பது கடைசி நாளில் கிழிந்த பகுதி. கடைசிப் பகுதி சிறியது என்றால், பாரம் அளவோடுதான் இருந்தது, விரிசல் வெகுகாலம் ஓடியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, வரிகள் தொடங்கும் அந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. லேசரில் பொறித்த எழுத்து இருக்கலாம். ஆபரேஷனில் ரத்தக்குழாயைச் சுடும் மின்கருவி தண்டின் கழுத்தில் பட்டு விட்ட சிறு பொட்டு இருக்கலாம். டைட்டானியம் கீறலைத் தாங்காத உலோகம், சின்னச் சூட்டுத் தழும்பில்கூட விரிசல் பிடிக்கும். பழைய வார்ப்புத் தண்டுகளில் உள்ளே காற்றுக்குமிழி இருக்கலாம். பந்து உட்காரும் கூம்பு அருகே முறிந்திருந்தால், அங்கே கருப்பு அரிப்பு படிந்திருக்கிறதா பாருங்கள். எதுவும் இல்லாமல் சுத்தமான விளிம்பிலிருந்து தொடங்கியிருந்தால் உலோகத்தைக் குறை சொல்ல இடமில்லை, பிடிமானம் போனதுதான் காரணம். உலோக ஆய்வுக்கூடத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் உறுதியாகச் சொல்வார்கள்.

அதுவரை மூன்று காரியம் செய்யக் கூடாது. இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள், வரிகள் நசுங்கிவிடும். பிளீச்சிங் தண்ணீரில் போடாதீர்கள், அது புது அரிப்பை உண்டாக்கும். பந்து ஒட்டியிருந்தால் சுத்தியால் தட்டிக் கழற்றாதீர்கள். உலர்ந்த பஞ்சில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள்.

பணிமனையில் ஆக்சிலை அல்ட்ராசோனிக் வைத்துப் பார்த்து விரிசலைப் பிடிப்பீர்கள். எலும்புக்குள் இருக்கும் தண்டுக்கு அப்படி ஒரு வழி நடைமுறையில் இல்லை. விரிசல் வாய் திறக்கும் வரை எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஆனால் மேல்பாதியில் பிடிமானம் போவது பல வருடம் முன்பே எக்ஸ்ரேயில் தெரியும். பார்த்துத் தடுக்க முடிவது அதை மட்டும்தான்.

எனக்கு செராமிக் மூட்டு. மீன்பிடித் துறைமுகத்தில் ஏலக் கூடத்தில் வேலை. ஆறு மாதமாகப் படி ஏறும்போது கிறீச்சென்று சத்தம் வருகிறது, பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கிறது. வலி இல்லை. செராமிக் என்றால் உடைந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.
(காசிமேடு வாசகர்)

கிறீச் சத்தம் வேறு, உடைவது வேறு. செராமிக் பந்தும் செராமிக் லைனரும் உரசும் இடத்தில் நீர்ப்படலம் விலகினால் கதவுக் கீல் போலச் சத்தம் வரும். கிண்ணம் அதிகமாகச் சாய்ந்தோ திரும்பியோ உட்கார்ந்திருந்தால், பந்து லைனரின் விளிம்பில் ஏறி உரசும். அதுதான் முக்கியக் காரணம். வலி இல்லாத சத்தத்துக்கு அவசர ஆபரேஷன் தேவையில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்துக் கிண்ணத்தின் சாய்வை அளக்கச் சொல்லுங்கள், 30 முதல் 50 டிகிரிக்குள் இருந்தால் பரவாயில்லை. லைனரில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று சி.டி. ஸ்கேனில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

உடைவது அரிது. இங்கிலாந்தின் மூட்டுப் பதிவேட்டில், இப்போது வரும் நான்காம் தலைமுறை செராமிக் பந்துகள் உடைந்தது பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கும் கொஞ்சம் கீழே. லைனர் உடைவது ஆயிரத்தில் ஒன்று போல. பழைய அலுமினா பந்துகள், அதிலும் 28 மி.மீ. பந்துகள், கூடுதலாக உடைந்திருக்கின்றன. உடைவதற்குப் பொருள் மட்டும் காரணமில்லை. பந்தைத் தண்டின் கூம்பில் ஏற்றும்போது அங்கே ஒரு துளி ரத்தமோ, கொழுப்போ, எலும்புத் துணுக்கோ இருந்தால் பாரம் ஒரே புள்ளியில் குவியும். கூம்பைத் துடைத்து, உலர்த்தி, கையால் திருகி உட்காரவைத்து, நேர்க்கோட்டில் ஒரு உறுதியான தட்டு தட்ட வேண்டும்.

சத்தத்தின் தன்மை மாறி, நறநறவென்று மணல் அரைபடுவது போல இருந்தாலோ, டக்கென்று ஒரு சத்தம் கேட்டு உடனே வலி வந்தாலோ, காலை ஊன்றாமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். உடைந்த செராமிக்கோடு நடக்கும் ஒவ்வொரு நாளும் கண்ணாடித்தூள் போன்ற சில்லுகள் தண்டின் கூம்பை அரைக்கும்.

உடைந்துதான் போனது என்றால் மறு ஆபரேஷனுக்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: என்ன பந்து வைக்கப் போகிறீர்கள்? எவ்வளவு கழுவினாலும் சில சில்லுகள் சதைக்குள் தங்கிவிடும். அந்த நிலையில் கோபால்ட்-குரோமியம் உலோகப் பந்தை வைத்தால், சில்லுகள் அதை உப்புத்தாள் போலத் தேய்த்து, கோபால்ட் ரத்தத்தில் கலக்கும். பார்வையும் காதும் மங்கி, இதயம் பலவீனமான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மறுபடியும் செராமிக் பந்துதான் வைக்க வேண்டும். பழைய கூம்பு கீறியிருந்தால் நடுவே டைட்டானியம் உறை போட்டு ஏற்றுவார்கள்.

என் கணவருக்கு 2008-ல் உலோகக் கிண்ணத்தில் உலோகப் பந்து வைத்த மூட்டு போட்டார்கள். அந்த மாதிரியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்று இப்போதுதான் தெரிய வந்தது. அவருக்கு வலி ஒன்றும் இல்லை. பேசாமல் இருக்கலாமா?
(திருவொற்றியூர் வாசகி)

பேசாமல் இருக்க வேண்டாம் அம்மா. முதலில் ஸ்டிக்கரில் பெயரைப் பாருங்கள். நீங்கள் கேள்விப்பட்டது டிபுய் நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் ஆக இருக்கலாம். உலகம் முழுக்கச் சுமார் 93,000 பேருக்கு வைத்த பிறகு, 2010 ஆகஸ்ட்டில் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது வைக்கப்பட்டிருந்தது. கோளாறு வடிவமைப்பில் இருந்தது. கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் பந்து விளிம்பில் உரசி, கோபால்ட், குரோமியம் துகள்களைக் கொட்டியது. பிளாஸ்டிக் தூள் எலும்பைத் தின்னும் என்றோம். உலோகத்தூள் சதையையும் தசையையும் சேர்த்துக் கெடுக்கும், நீர்க்கட்டி போல வீக்கம் உண்டாகும். அதுவும் வலிக்காமலே.

வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயும் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. ரத்தம் எடுக்கும் டியூப் சாதாரண டியூபாக இருக்கக் கூடாது. டிரேஸ் எலிமெண்ட் டியூப் என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் டியூபின் மூடியிலும் ஊசியிலும் உள்ள உலோகமே அளவைக் கூட்டிக் காட்டும். கிரியேட்டினினும் பாருங்கள். கோபால்ட் சிறுநீரில்தான் வெளியேறுகிறது, கிட்னி பலவீனமானால் ரத்தத்தில் தேங்கும். எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்க வேண்டும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். காது மந்தம், கை கால் மரத்தல், மூச்சு வாங்குதல் புதிதாக வந்தால் அவரைப் பார்க்கும் பொதுமருத்துவரிடமும் இந்த மூட்டு இருப்பதைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாரும் இடுப்பை நினைக்கப் போவதில்லை.

ஏஎஸ்ஆர் என்று உறுதியானால், நிவாரணம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய சுகாதார அமைச்சகம் அமைத்த நிபுணர் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 2018-ல் நிவாரணக் கணக்கீட்டு முறை அறிவிக்கப்பட்டது. வயதையும் பாதிப்பின் அளவையும் வைத்து 30 லட்சம் முதல் 1 கோடியே 23 லட்சம் ரூபாய் வரை கணக்கு வந்தது.

அம்மாவுக்கு 78 வயது. 2012-ல் குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்து, அரசு மருத்துவமனையில் ஆஸ்டின் மூர் வைத்தார்கள். இப்போது தொடையிடுக்கில் வலி, இரவில் தூக்கம் இல்லை. கால் நீளமும் குறைந்த மாதிரி இருக்கிறது. உள்ளே உடைந்துவிட்டதா?
(பழைய வண்ணாரப்பேட்டை வாசகி)

ஆஸ்டின் மூர் ஒரே உலோகத் துண்டு, உடைவது அபூர்வம். இது பாதி மாற்று. பந்தையும் தண்டையும் மட்டும் வைத்து, இடுப்பெலும்பின் குழியை இயற்கையாக இருந்தபடியே விட்டிருக்கிறார்கள். உலோகப் பந்து பல வருடமாகக் குருத்தெலும்பின் மேல் உருண்டு அதைத் தேய்த்துவிடும், பிறகு எலும்பையே குடையும். பந்து மேலேயும் உள்ளேயும் ஏறும்போது இடுக்கில் வலிக்கும், கால் குட்டையாகும். தண்டு எலும்புக்குள் கீழே இறங்கினாலும் கால் குட்டையாகும், ஆனால் அப்போது வலி தொடையில். இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2012 எக்ஸ்ரேயையும் இப்போதைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விடை கிடைத்துவிடும்.

தீர்வு, முழு மாற்றாக மாற்றுவது. ஆஸ்டின் மூர் தண்டில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. அதன் வழியே எலும்பு வளர்ந்து தண்டைப் பூட்ட வேண்டும் என்பது அதன் அமைப்பு. எடுக்கும்போது அந்த எலும்புப் பூட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அவசரமாக இழுத்தால் தொடை எலும்பு பிளக்கும். 78 வயது எலும்புக்குச் சிமெண்ட் தண்டு பெரும்பாலும் பொருந்தும். சிமெண்டை உள்ளே அழுத்தும் நிமிடத்தில் சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும் என்பதால், இதயப் பரிசோதனையை முன்பே முடித்துவிடுங்கள். மயக்க மருத்துவரிடம் ஆஸ்துமா, இதய மாத்திரை எதையும் மறைக்காதீர்கள்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும். வீட்டுக்குப் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்குள்ள காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் அட்டை, ரேஷன் கார்டு, பழைய கேஸ் விவரம் மூன்றையும் காட்டி, மறு ஆபரேஷன் எந்தத் தொகுப்பில் வரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மூட்டு மாற்றிய பிறகு தரையில் உட்கார்ந்து தொழலாமா? இந்தியன் டாய்லெட் பயன்படுத்தலாமா?
(மண்ணடி வாசகர்)

நாற்காலியில் அமர்ந்து தொழுங்கள். பின்பக்கம் வழியாக ஆபரேஷன் செய்தவர்கள் முதல் மூன்று மாதம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. ஸஜ்தாவிலும் (நெற்றி தரையில் படக் குனிவது) குத்துக்காலிலும் 90 டிகிரி நிச்சயம் தாண்டும். தாண்டினால் தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டி, நெம்புகோல் போலப் பந்தை வெளியே தள்ளும். தள்ளாவிட்டாலும், திரும்பத் திரும்ப முட்டினால் பிளாஸ்டிக் லைனரின் விளிம்பு பிளக்கும். கழிப்பறையில் 18 அங்குல உயரக் கமோட் நாற்காலி போடுங்கள். ஷேர் ஆட்டோவில் கடைசியாக ஏறி விளிம்பு இருக்கையில் உட்காருங்கள், நடுவில் ஒடுங்கி உட்கார வேண்டாம். மூன்று மாதம் கழித்து எதுவரை போகலாம் என்பது கிண்ணம் உட்கார்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்தது, உங்கள் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

மெட்ரோவில் டிடெக்டர் கத்துகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் மூட்டைக் காந்தம் இழுத்துவிடுமா?
(கொருக்குப்பேட்டை வாசகர்)

டிடெக்டர் கத்துவதால் மூட்டுக்கு ஒன்றும் ஆகாது. டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தை போனில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள். டைட்டானியம், கோபால்ட்-குரோமியம் மூட்டுகளைக் காந்தம் இழுத்துப் பிடுங்காது. ஆனாலும் ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

தம்பிக்கு அடுத்த மாதம் மறு ஆபரேஷன். போன தடவை தனியார் மருத்துவமனையில் செய்தது. என்ன கம்பெனி மூட்டு என்று கேட்டால் ரெக்கார்டு இல்லை என்கிறார்கள். மூட்டில்தான் குறை என்றால் யாரிடம் சொல்வது?
(எண்ணூர் வாசகி)

எழுத்தில் கேளுங்கள். நோயாளியோ அவர் அனுமதி தந்தவரோ மருத்துவ ஆவணம் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதி. அதே விதிப்படி அவர்கள் ஆவணத்தைப் பாதுகாக்க வேண்டிய காலம் மூன்று வருடம்தான். ஆபரேஷன் அதற்கு முந்தையது என்றால் அழித்திருக்கலாம். அப்படியென்றால் பில்லைத் தேடுங்கள், அதில் உள்வைப்பின் பெயர் தனி வரியாக இருக்கும். காப்பீட்டில் செய்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிய தாள்களிலும் இருக்கும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், கிண்ணம் மட்டும் தளர்ந்து தண்டு இறுக்கமாக இருந்தால் தண்டை அப்படியே விட்டு, பந்தை மட்டும் மாற்றலாம். ஆனால் பந்தின் துளை தண்டின் கூம்புக்குப் பொருந்த வேண்டும். கூம்பின் அளவைப் பல கம்பெனிகளும் 12/14 என்றுதான் எழுதுகின்றன. எண் ஒன்றாக இருந்தாலும் கோணமும் நீளமும் மேற்பரப்பும் ஒன்றல்ல. பெயர் தெரியாவிட்டால், இறுகிப்போன நல்ல தண்டையும் எலும்பைத் திறந்து எடுக்க வேண்டி வரலாம். ஒரு ஸ்டிக்கர் இல்லாததற்குத் தொடை எலும்பை நீளவாக்கில் அறுத்துக் கம்பி கட்டும் நிலை.

இந்த முறை கன்சென்ட் தாளில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எடுக்கும் பழைய உருப்படிகளைக் குடும்பத்திடம் தர வேண்டும், புது உருப்படிகளின் ஸ்டிக்கர்களில் ஒரு செட் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்ட வேண்டும். கிண்ணம், லைனர், பந்து, தண்டு, திருகு ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டிக்கர் உண்டு. ரெஃப் எண்ணும் (மாதிரியின் எண்) லாட் எண்ணும் (ஒரே தொகுதியாகத் தயாரித்தவற்றின் எண்) தெளிவாகத் தெரிகிறதா என்று வார்டிலேயே பாருங்கள். ஸ்டிக்கரின் மை சில வருடத்தில் மங்கும், அன்றைக்கே படம் பிடித்துக் குடும்பத்தில் இரண்டு பேர் போனில் வையுங்கள்.

மூட்டில் குறை என்று சந்தேகம் இருந்தால், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 ஜூலையிலிருந்து காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில் நடக்கிறது. நோயாளியே புகார் செய்யலாம், கட்டணமில்லா எண் 1800-180-3024. படிவத்தில் லாட் எண் கேட்பார்கள். ஒரே லாட்டில் மூன்று நான்கு ஊரிலிருந்து புகார் சேரும்போதுதான் குறை வெளியே தெரியும், ஆகவே தம்பி ஒருவருக்காக இத்தனை அலைச்சலா என்று நினைக்காதீர்கள். நஷ்டஈடு கேட்பதானால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். எடுத்த உருப்படி, முறிவின் படம், இரண்டு ஆபரேஷனுக்கும் இடையில் எடுத்த எல்லா எக்ஸ்ரேயும் தேதி வரிசையில் இருந்தால், ஆய்வுக்கூடத்துக்கும் வக்கீலுக்கும் பாதி வேலை முடிந்த மாதிரி.